ஸ்டாம்ப் முதல்ல, கடல் அப்புறம்

லண்டன் எபிசோடுக்கு அப்புறம் பல பேர் கேட்ட ஒரு கேள்விதான் இன்னைக்கு. லண்டன்ல இருந்து பாரிஸுக்கு யூரோஸ்டார் ரயில்ல போனா, எந்த இடத்துல நாடு மாறும்?

2024 மே மாசம் அம்மாவோட அந்த ரயில்ல போனேன். என்னைப் பார்க்க மதுரையில இருந்து வந்திருந்தாங்க. ரயில் ஏறி இன்னொரு நாட்டுக்குப் போறது எங்க ரெண்டு பேருக்குமே அதுதான் முதல் தடவை.

மேப்ல பார்த்தா எல்லை கடலுக்கு நடுவுல இருக்கு. ஆனா பயணிக்கு எல்லை வர்றது லண்டன் ஊருக்குள்ளேயே, செயின்ட் பேங்க்ராஸ் ஸ்டேஷன்ல. டிக்கெட் கேட், அப்புறம் பேக் ஸ்கேன், அதைத் தாண்டினா பிரெஞ்சு எல்லைப் போலீஸ் கவுன்ட்டர் போட்டு உட்கார்ந்திருக்காங்க. திரும்பி வரும்போது பாரிஸ் ஸ்டேஷன்லயே பிரிட்டிஷ் அதிகாரிகள் பாஸ்போர்ட் பார்த்துடுவாங்க. லண்டன்ல இறங்கினா நேரா வெளியே நடக்க வேண்டியதுதான். ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு, ஒருத்தர் மண்ணுல இன்னொருத்தருக்கு இடம் கொடுத்திருக்காங்க. நம்ம பாஷையில சொன்னா, டேட்டா சர்வருக்குப் போறதுக்கு முன்னாடியே வேலிடேஷன் முடிஞ்சிடுது.

இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்களுக்கு இதுல நிறைய வேலை இருக்கு. ஷெங்கன் விசாவுக்கு நாம குடியிருக்கிற நாட்டுலதான் விண்ணப்பிக்கணும். பிரிட்டனுக்கு விசிட்டரா வந்த அம்மா லண்டன்ல இருந்து அப்ளை பண்ண முடியாது. அதனால ஊர்ல இருக்கும்போதே சென்னைக்குப் போய் கைரேகை வச்சு, 30,000 யூரோவுக்குக் குறையாத மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுத்து, மூணு மாசம் முன்னாடியே எல்லாத்தையும் முடிச்சோம். திரும்ப லண்டனுக்குள்ள வரணும், அதனால பிரிட்டன் விசா மல்டிபிள் என்ட்ரியான்னும் பார்த்துக்கணும்.

சாப்பாட்டுலயும் எல்லை இருக்கு. பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் பிரிட்டன்ல இருந்து இறைச்சியையும் பால் பொருட்களையும் ஐரோப்பிய யூனியனுக்குள்ள கொண்டு போகக் கூடாது. அதனால அம்மா கட்டிக்கிட்டு வந்த தயிர் சாதத்தை ஸ்டேஷன் பெஞ்சுலயே காலி பண்ணிட்டோம். புளியோதரை மட்டும் கூட வந்துச்சு.

வரிசையில நிக்கும்போது அம்மா மெதுவா கேட்டாங்க: "ஏன்டா, இவுங்க வேணாம்னு சொல்லிட்டா?"

"ஒண்ணும் ஆகாதும்மா. நாம இன்னும் லண்டன்லதான இருக்கோம். பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயிடலாம்."

சமாதானத்துக்குச் சொன்னதுதான், ஆனா உண்மையும் அதுதான். விமானத்துல போய் இறங்கின இடத்துல மறுத்தா, திருப்பி அனுப்புற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கணும். இங்க கிளம்பறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.

எங்களுக்கு முன்னாடி நின்ன குடும்பம் ஒரு நிமிஷத்துல போயிடுச்சு. அம்மாகிட்ட ஹோட்டல் புக்கிங், ரிட்டர்ன் டிக்கெட் ரெண்டும் கேட்டாங்க. எத்தனை நாள்னு கேட்டதுக்கு அம்மா நாலு விரலைக் காட்டினாங்க. ஸ்டாம்ப் விழுந்துச்சு. அதுல சின்னதா ஒரு ரயில் படம் இருந்துச்சு. அம்மா அதைத் தடவிப் பார்த்துட்டு, "அப்ப இது பிரான்ஸா?"ன்னாங்க. எதிர்ல இருந்த கடையில காபி விலை பவுண்டுலதான் போட்டிருந்துச்சு.

இது நமக்குப் புதுசும் இல்லை. 1914-ல ஆரம்பிச்ச போட் மெயில் பயணத்துல தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். தோட்ட வேலைக்குப் போன தமிழ்த் தொழிலாளிகளுக்கு இலங்கை அரசு இந்திய மண்ணுலேயே, மண்டபத்துல முகாம் வச்சிருந்துச்சு. நோய் இருக்கான்னு நாள் கணக்குல அங்க தங்க வச்சுப் பார்த்துட்டுத்தான் கப்பல் ஏத்துவாங்க. அன்னைக்கும் கடல் எல்லாருக்கும் ஒரே தூரம்தான். யாரை எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கிறாங்கங்கிறதுலதான் வித்தியாசம்.

ரயிலுக்கு வருவோம். லண்டன் தாண்டினதும் 300 கிலோமீட்டர் வேகம் தொடும். 1994-ல திறந்த கடலடிச் சுரங்கம் சுமார் 50 கிலோமீட்டர். அதுல 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில. உள்ளே வேகத்தை 160-க்குக் குறைச்சிடுவாங்க. 20 நிமிஷம் ஜன்னல்ல நம்ம முகம் மட்டும்தான் தெரியும். வெளிச்சம் வந்தப்போ போன்ல மணி ஒரு மணி நேரம் முன்னாடி தாவியிருந்துச்சு, ரோமிங் மெசேஜும் வந்துச்சு. பாஸ்போர்ட் கேட்டு யாரும் வரலை. கேட்க வேண்டியதெல்லாம் முன்னாடியே கேட்டு முடிச்சாச்சு.

அதனால முதல் தடவை போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். டிக்கெட்ல இருக்கிற ரெண்டேகால் மணி நேரத்தை மட்டும் கணக்குப் போடாதீங்க. விசாவுக்கு மாசக்கணக்கு, ஸ்டேஷன்ல ஒன்றரை மணி நேரம், அதையும் சேர்த்துக்கோங்க. 2025 அக்டோபர்ல ஸ்டாம்ப்புக்குப் பதிலா முகத்தைப் படம் எடுத்துப் பதிவு பண்ற முறையைப் படிப்படியா கொண்டு வர ஆரம்பிச்சாங்க. அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா, ஹோட்டல், ரிட்டர்ன், இன்ஷூரன்ஸ் எல்லாத்தையும் பேப்பர்ல எடுத்து அவங்க கையிலேயே கொடுங்க. கவுன்ட்டர்ல அவங்க தனியா நிக்க வேண்டி வரலாம்.

நீங்க தரை வழியா எல்லை தாண்டியிருந்தா, எங்க உங்களை நிறுத்தினாங்க, என்ன கேட்டாங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.