கம்பைலர் மீது பழி போடுமுன்

(புது தில்லி, சரோஜினி நகரில் கல்லூரி மாணவர்களும் மத்திய அரசு ஊழியர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



"கணிப்பொறி தவறு செய்துவிட்டது" என்னும் விடை இன்று நம் அலுவலகங்களில் மிக எளிதாகக் கிடைக்கிறது. ஓய்வூதியத் தொகை குறைந்தது ஏன் என்று கேட்க வரும் முதியவருக்கும் இதே விடைதான். நிரல் எழுதியவரைக் கேட்டால், "நிரல் சரியே, கம்பைலரில் கோளாறு இருக்கலாம்" என்பார். நிரலர் எழுதும் மொழியை எந்திரம் அறியும் கட்டளைகளாக மாற்றித்தரும் மென்பொருளே கம்பைலர். அதற்கு வாயில்லை, எனவே அதன் மீது பழி போடுவது எளிது. அந்தப் பழி எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதே இன்று நாம் ஆராய வேண்டியது.

சரோஜினி நகர் அரசு ஊழியர் குடியிருப்பு. ஆகவே இங்குள்ளோர் நன்கறிந்த அகவிலைப்படியையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 2025 ஜூலை 1 முதல் மத்திய அரசு ஊழியருக்கு அது 58 சதவீதமாக இருந்தது. கணக்கில் 50 பைசாவோ அதற்கு மேலோ வந்தால் அடுத்த ரூபாயாக உயர்த்துக, குறைவாயின் விட்டுவிடுக என்பது ஆணை. ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில் அடிப்படை ஊதியங்கள் எல்லாம் நூறின் மடங்குகள். எனவே பைசா எழவே வழியில்லை. இதை அறிந்த நிரலர் ஒருவர் ஊதியத்தை 0.58ஆல் பெருக்கி, முழு ரூபாயை மட்டும் எடுத்துக்கொள் என்று எழுதிவிடுவதாக வைத்துக்கொள்வோம். 18,000 ரூபாய்க்கு 10,440 என்று சரியாக வரும். 44,900க்கு 26,042, அதுவும் சரி. ஆனால் 47,600க்கு 27,608 வர வேண்டிய இடத்தில் 27,607 வரும். 25,500க்கும் 53,100க்கும் 56,100க்கும் இவ்வாறே ஒரு ரூபாய் குறையும். சிலருக்குச் சரி, சிலருக்குப் பிழை. பார்வைக்கு எந்த ஒழுங்கும் தெரியாது. கம்பைலரைச் சந்தேகிக்க இதைவிட நல்ல சூழ்நிலை வேண்டுமா?

கம்பைலர் குற்றமற்றது. மூன்றில் ஒரு பங்கைப் பதின்ம இலக்கங்களில் எழுத முயன்றால் 0.333 என்று முடிவின்றி நீள்வதைப் பள்ளியிலேயே கண்டிருக்கிறோம். இரண்டை அடியாகக் கொண்டு எண்ணும் எந்திரத்துக்கு 58/100 என்பதும் அத்தகைய எண்ணே. 53 இரும இலக்கங்களோடு அதை நிறுத்திக்கொள்ளும்போது, உள்ளே தங்குவது 0.58ஐவிட மிக நுண்ணிய அளவு குறைந்த ஓர் எண். 18,000ஆல் பெருக்கும்போது அக்குறை விடையைத் திருத்தமாக்குகையில் மறைந்துவிடுகிறது. 47,600ஆல் பெருக்கும்போது மறையாமல் 27,607.999999999996 என நிற்கிறது. ஆணை சொன்ன 50 பைசா விதியை நிரலர் அப்படியே எழுதியிருந்தால் 27,608 கிடைத்திருக்கும். அல்லது முதலில் 58ஆல் பெருக்கிப் பின்னர் நூறால் வகுத்து, முழு எண்களிலேயே கணக்கை முடித்திருக்கலாம். ஊதியக் கணக்குக்குக் கோபால் மொழியை நீண்ட காலம் பயன்படுத்தியோர் பைசாவைப் பதின்மமாகவே வைத்துக்கொண்டதற்குக் காரணம் இதுவே.

இடையில் ஒரு செய்தி. 1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 1620 பதின்ம இலக்கங்களிலேயே கணக்கிடும் எந்திரம். அதில் 0.58 என்றால் 0.58தான். வேகத்தை நாடி உலகம் இரும முறைக்குச் சென்றபோது இந்த நேர்மையைக் கைவிட்டது. பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் இது லாபமான பேரமே என்பேன், விலை என்னவென்று அறிந்து கொடுத்தால்.

அகவிலைப்படிக் கணக்கு இன்னும் முடியவில்லை. பழைய இன்டெல் செயலிகளில் கணக்கு நடக்கும் பதிவகம் 80 இரும இலக்கம் கொண்டது. நினைவகத்தில் சேமிக்கும்போது அது 64ஆகச் சுருங்கும். 18,000க்குரிய விடையை நினைவகத்தில் வைத்து எடுத்தால் 10,440. பதிவகத்திலிருந்தே நேராக முழு எண்ணாக மாற்றினால், மறைய வேண்டிய அந்த நுண்குறை மறையாமல், 10,439! விரைவாக்கும் விருப்பத்தைக் கம்பைலரில் இயக்கினால் ஒரு விடை, நிறுத்தினால் வேறொரு விடை. ஜி.சி.சி. என்னும் புகழ்பெற்ற கம்பைலரின் பிழைப் பதிவேட்டில் 323ஆம் எண் இந்தக் குறையைப் பற்றியதே. 2000ஆம் ஆண்டில் பதிவான அதே புகாரைப் பின்னர் எத்தனையோ பேர் புதிதாகக் கண்டதுபோல் மீண்டும் மீண்டும் பதிந்தனர். இதைக் கம்பைலரின் பிழை என்பதா, எந்திரத்தின் இயல்பு என்பதா என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. பயன்படுத்துவோரிடம் "இது இயல்பு" என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது என்பது என் கருத்து.

மூன்றாவது வகை இன்னும் நுட்பமானது. சி மொழியின் தர விதிகள் சில சூழ்நிலைகளில் என்ன நடக்கும் என்று வரையறுக்காமல் விட்டிருக்கின்றன. அச்சூழ்நிலை எழவே எழாது என்று கருதிக்கொள்ளக் கம்பைலருக்கு உரிமை உண்டு. 2009இல் லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு பகுதியில் வெளிப்பட்ட குறை இவ்வகையே. நிரலில் ஒரு முகவரியை முதலில் பயன்படுத்திவிட்டு, அம்முகவரி வெறுமையானதா என்ற சோதனையை அடுத்த வரியில் வைத்திருந்தனர். கோப்பு மொழியில் சொன்னால், பணம் வழங்க ஆணையிட்ட பிறகு பெறுபவர் இருக்கிறாரா என்று விசாரிப்பது போல. ஆணையே பிறந்துவிட்டதால் ஆள் இருந்தே தீர வேண்டும், விசாரணை வீண் என்று முடிவு செய்த கம்பைலர் சோதனையை நீக்கிவிட்டது. பாதுகாப்பு வளையத்தில் ஓட்டை விழுந்தது. விதிப்படி கம்பைலர் செய்தது சரி. ஆயினும் அத்தகைய நீக்கத்தைத் தடுக்கும் விருப்பத்துடன் பின்னர் லினக்ஸைத் தொகுக்கத் தொடங்கினர்.

அப்படியானால் கம்பைலர் ஒருபோதும் தவறு செய்யாதா? செய்யும். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தற்செயலாக உருவாக்கிய நிரல்களைப் பல கம்பைலர்களிடம் கொடுத்து விடைகளை ஒப்பிட்டனர். அதுவரை அறியப்படாத 325க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டு தெரிவித்ததாக 2011இல் எழுதினர். எந்திரமே தவறியதும் உண்டு. 1994இல் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் பகா எண்கள் பற்றிய கணக்கில் விடை ஒத்துவராததைக் கண்டார். நிரல் முதலிய ஏனைய காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே, பென்டியம் செயலியின் வகுத்தல் சுற்றில் குறை இருப்பதாக அறிவித்தார். இன்டெல் நிறுவனம் அதற்காக 47.5 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. நைஸ்லி முதல் நாளே செயலியைக் குறை கூறியிருந்தால் அவர் பேச்சை யார் கேட்டிருப்பார்கள்?

நம் நாட்டு அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1993 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த முதல் பி.எஸ்.எல்.வி. ஏவூர்தி ஐ.ஆர்.எஸ்.-1இ செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்க்க இயலாமல் வீழ்ந்தது. காரணங்களுள் ஒன்று, கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்த ஒரு பிழை. கட்டளையின் அளவு குறித்த உச்ச வரம்பைத் தாண்டினால் மட்டுமே அது தலைகாட்டும். இரண்டாம் கட்டம் பிரிகையில் எதிர்பாராத குலுக்கம் ஏற்பட்டபோது வரம்பு தாண்டியது. இங்கே யாரும் "கணிப்பொறி தவறு" என்று கோப்பை மூடிவிடவில்லை. இன்ன வரி, இன்ன நிபந்தனை என்று காரணம் கண்டனர். 1994 அக்டோபர் 15இல் இரண்டாவது பி.எஸ்.எல்.வி. வெற்றி பெற்றது.

ஏவூர்திக்கு உள்ள ஆய்வுக்குழு ஊதியப் பட்டியலுக்கு இல்லை. ஆயினும் முறை ஒன்றே. விதியை எழுத்தில் வைத்து, நிரல் அதையே பின்பற்றுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஐயத்துக்குரிய விடையை உண்டாக்கும் மிகச் சிறிய நிரலைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும். பத்து வரிக்குள் சுருக்கும் முன்பே பெரும்பாலும் தம் குற்றம் தமக்கே தெரிந்துவிடும். அதன் பிறகும் ஐயம் நீங்காவிடில் வேறொரு கம்பைலரில் இயக்கிப் பார்த்து, பதிப்பு எண்ணோடு உருவாக்கியோருக்கு எழுதலாம். அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுவதால், ஒவ்வொரு முறையும் எல்லா ஊதிய நிலைகளுக்கும் கையால் போட்ட கணக்குப் பட்டியல் ஒன்றைப் புதிய நிரலின் விடைகளோடு ஒப்பிட்டுக் கோப்பில் சேர்ப்பது ஒரு பிற்பகல் வேலைதான். ஓய்வூதியர் கேள்வியோடு வரும்போது கணக்கு அதிகாரி அந்தத் தாளை எடுத்து அவர் முன் வைக்கலாம்.