வறியவரைப் பழித்தல்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



“உழைக்க மனமில்லாதவனே வறியவனாகின்றான்” என்னும் வார்த்தை நம்மவர் வாயில் எளிதாக வருகின்றது. இவ்வெண்ணம் அதிகாரத்தில் அமரின் யாது விளையும் என்பதற்குச் சென்னை இராஜதானியில் நேர்ந்த தாது வருஷப் பஞ்சமே சான்றாகும்.

1876ஆம் ஆண்டு மழை பொய்த்தது. 1877இல் இந்திய அரசாங்கத்தார் அனுப்பிய ஸர் ரிச்சர்டு டெம்பிள், தாராளமாகக் கொடுப்பின் தேவையற்றோரும் வந்து சேர்வரென்று அஞ்சி, நிவாரண வேலை செய்யும் ஆடவர்க்கு நாட்கூலியை ஒரு ராத்தல் தானிய விலையும் சிறிது காசுமாகக் குறைத்தார். சென்னைச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு இஃது போதாதென்று வன்மையாக மறுத்தார். சில மாதங்களிற் கூலி உயர்த்தப்பட்டது. இடையில் மாண்டவர் மீண்டிலர். அங்கே மண் சுமந்தோர் முந்தின ஆண்டு வரை ஏர்பிடித்த குடியானவரல்லரோ? மழை பெய்யாமை அவர் சோம்பலாகுமோ?

வஞ்சிப்பார் எவருமிலர் என்று யான் கூறவில்லை. அச்சிலர்க்கு அஞ்சிப் பலரையும் நாணுறச் செய்தல், களைக்கு அஞ்சிப் பயிரைப் பறித்தல் போலாம்.

ஆதலின் ஒரு விண்ணப்பம். படிப்பிற்கு உதவி வேண்டிவரும் சிறுவனைச் சபைமுன் நிறுத்தி, அவன் தந்தையின் நடத்தையை வினவுதல் வேண்டா. காரியதரிசி தனியே விசாரித்தல் சாலும். உதவி பெறுவோர் பெயரை நம் சஞ்சிகையில் அச்சிடுதலும் வேண்டா. பலரறிய நாணமுற்ற பிள்ளை, மறுநாள் வகுப்பிற் கடைசிப் பலகையை நாடுகின்றான் என்பதை ஆசிரியனாகிய யான் அறிவேன். படிப்பிற்கென்று நாம் ஈந்த பொருள் அப்படிப்பையே கெடுத்தல் தகுமோ? இவ்விரண்டையும் தீர்மானமாக ஏற்றருளுமாறு வேண்டி அமர்கின்றேன்.