வயிற்றுக் கொழுப்பும் முதுமையும்
(செண்பகத்தோப்பில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



தென்னையும் மாவும் சூழ்ந்த இம்மலையடிவாரத்தில் நாம் இன்று சிந்திக்க விரும்புவது நமது தேக ஆரோக்கியத்தைப் பற்றியாகும். நீரிழிவு நகரத்துச் செல்வர்களின் நோய் என்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் தவறாகிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடி மக்களுக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. கிராமங்களும் இதற்கு விலக்கல்ல.

உடற்கொழுப்பை, நெல்லைச் சேர்த்துவைக்கும் குதிரைப் போன்றது என்றே முன்னர் கருதினார்கள். உண்மையில் அது இருப்பைச் சொல்லியனுப்பும் கணக்குப்பிள்ளையுமாகும். 1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டறிந்த லெப்டின் என்னும் ஹார்மோன், "இருப்புப் போதும்" என்று கொழுப்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்கிறது. கொழுப்பு மிகுந்தால் லெப்டினும் மிகும். ஆனால் மூளை அதற்குச் செவிசாய்ப்பதில்லை. அடிபோனெக்டின் என்னும் மற்றொரு ஹார்மோன் இன்சுலினுக்குத் துணை நிற்பது. வயிற்றினுள் கொழுப்புப் பெருகப் பெருக, இத்துணை குறைந்துவிடுகிறது. அழற்சியை உண்டாக்கும் பொருள்களோ கூடுகின்றன. இரத்தத்தில் சர்க்கரை ஏறவும் இரத்தக் குழாய்கள் கெடவும் இவை வழிசெய்கின்றன.

வயது ஏற ஏறத் தசை குறைகிறது. தோலடியில் இருந்த கொழுப்பு வயிற்றுக்குள் சேர்கிறது. இவ்வாறு முதுமையின் தொல்லைகள் முன்கூட்டியே வந்து சேருகின்றன.

"நாம் ஒல்லியாகத்தானே இருக்கிறோம்" என்று கூறுவோரும் கவனிக்கவேண்டும். புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின் ஆகிய இருவருக்கும் உயரத்திற்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. ஆயினும் உடற்கொழுப்பு யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2! 2004-ஆம் ஆண்டில் இதை இருவரும் 'லான்செட்' இதழில் தம் படத்துடனேயே வெளியிட்டார்கள். கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பது நம் நாட்டவரிடையே சாதாரணம். எனவே, எடையை மட்டும் நம்பியிருத்தல் போதாது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும். மூச்சை வெளிவிட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே அளக்கவேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லையாகும். மிகுந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ளல் அவசியம்.

டிராக்டரும் மோட்டாரும் நம் சிரமத்தைக் குறைத்தன, அது நன்மையே. ஆனால் குறைந்த உழைப்புக்கு ஏற்ப உணவை நாம் குறைக்கவில்லை. சோற்றைச் சற்றுக் குறைத்து, பயறும் கீரையும் கூட்டுவோம். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா விசேஷ நாட்களுக்கு இருக்கட்டும். தோப்புக்கு வண்டியேறாமல் நடந்து செல்வோம். பட்டினி கிடக்கவேண்டுவதில்லை, கொழுப்பும் அளவோடு உடலுக்குத் தேவையே.

கிராம சபை கூடும் நாளில் ஒவ்வொருவரும் இடுப்பை அளந்துகொள்ள உறுப்பினர்கள் ஏற்பாடு செய்யலாம். கண்மாயின் நீர்மட்டத்தைப் பார்த்து வைக்கும் நாம், நம் உடலின் அளவையும் பார்த்து வைப்போமாக!