தொழிற்சாலையில் செய்து கொண்டுவரும் வீடு



தோட்டத்து வீடு வேலையோடு வருவது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் அதை விட்டுக் கொடுக்க வேண்டும். ஆகவேதான், தானா ராத்தாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம் குடும்பங்களில், ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வரும் வயது நெருங்கியதும் சொந்த வீட்டுப் பேச்சு எழுகிறது. சுவர், தரை, கூரை எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே செய்து, லோரியில் ஏற்றி வந்து பொருத்திக் கொடுக்கிறார்களே, அந்த வீடு நமக்கு ஏற்றதா? இன்று அதைப் பற்றிச் சிந்திப்போம்.

இந்த முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. பழைய மலாய்க் கம்பத்துப் பலகை வீட்டின் தூணும் உத்தரமும் துளையிட்டு, ஆப்பு வைத்து இறுக்கப்பட்டவை. தேவையானால் கழற்றி வேறிடத்தில் நிறுத்தலாம். 1960களில் கோலாலம்பூர் பெக்கெலிலிங்கிலும் பினாங்கு ரைபிள் ரேஞ்சிலும் வார்த்தெடுத்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டு அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. பினாங்கில் மட்டும் 3,699 வீடுகள்.

அவ்வளவு வீடுகளுக்கும் அச்சுகள் சிலவே. முறுக்கு அச்சு ஒன்று இருந்தால் நூறு முறுக்குப் பிழியலாம். ஒரு முறுக்குக்காக ஓர் அச்சுச் செய்தால் கட்டுப்படியாகுமா? ஒரு சிறு வீட்டுக்கென்று தனி அளவில் சுவர் கேட்டால் விலை ஏறுவது இதனால்தான். தொழிற்சாலை வழக்கமாகச் செய்யும் அளவுகளையே எடுத்துக்கொண்டு, அறைகளின் அமைப்பை மட்டும் நம் தேவைக்கேற்ப மாற்றிக் கேட்பது நல்லது. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே அளவில் கேட்டால் இன்னும் நல்லது. சாமி மேடை எங்கே, அடுப்படி எங்கே, மின்விளக்கு எங்கே என்பதை முன்னதாகவே முடிவு செய்துவிட வேண்டும். வார்த்த சுவரைப் பிறகு உடைத்தால் செலவும் கூடும், பலமும் குறையும்.

அடுத்தது பாதை. முழு அறையையே பெட்டியாகக் கொண்டுவரும் முறை ஒன்று. சுவர்ப் பலகைகளைத் தனித்தனியே கொண்டுவந்து பொருத்தும் முறை மற்றொன்று. தாப்பாவிலிருந்து மேலேறும் வளைவுகளை நாம் அறிவோம். தோட்டத்துச் சாலை அதைவிடக் குறுகல். பெட்டியை ஏற்றிய நீண்ட லோரி திரும்பவும், பாரந்தூக்கி நிற்கவும் இடமில்லாவிட்டால் பலகை முறையே பொருந்தும்.

மூன்றாவது, பொருத்து. 1968ஆம் ஆண்டு இலண்டனில், ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில் எரிவாயு வெடித்து ஒரு சுவர்ப் பலகை பெயர்ந்தது. அதனால் அந்த மூலை முழுவதும் மாடிமேல் மாடியாகச் சரிந்து நால்வர் இறந்தனர். பலகைகள் ஒன்றோடொன்று போதிய பலத்துடன் பிணைக்கப்படவில்லை என்பதே உலகம் கற்ற பாடம். நம் வீட்டுக்கு ஒரே தளம்தான். ஆனாலும் இந்த மலையின் மழையும் பனிமூட்டமும் பொருத்துகளின் வழியாகத்தான் முதலில் உள்ளே கசியும். எதைக் கொண்டு அடைக்கிறார்கள், எத்தனை ஆண்டுக்குப் பொறுப்பேற்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுவரை நனைக்காத அகலமான கூரைச் சாய்வும் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலானது நிலம். 2011ஆம் ஆண்டு, நமக்கு அருகிலுள்ள சுங்கை ருயில் பூர்வகுடிக் கிராமத்தில் மண் சரிந்து ஏழு பேர் மாண்டனர். சரிவில் வைத்தால் எந்த வீடும் மண்ணோடுதான் போகும். அடித்தளத்தையும் நீர் வடியும் கால்வாயையும் தொழிற்சாலையில் செய்து கொண்டுவர முடியாது. அவற்றை இங்கேதான் செய்ய வேண்டும். அந்தச் செலவு விலைப்பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிலம் நம் பெயரில் இருக்கிறதா? டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிமம் ஆண்டு முடிவில் காலாவதியாவது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. அதை நம்பி நிலையான வீடு எழுப்பக் கூடாது. பொருத்தும் வீடாயினும், 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட மன்றத்தின் வரைபட அனுமதி வேண்டும். சொந்த நிலமுள்ள குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்க வீட்டுத் திட்டமும் உண்டு. அதையும் விசாரித்துப் பாருங்கள்.

ஆகவே நேயர்களே, விற்பவர் காட்டும் வண்ணப் படத்தைப் பார்க்குமுன் நிலத்தின் கிராண்டைப் பாருங்கள். முன்பணம் கொடுக்குமுன் நில அலுவலகத்துக்கும் மாவட்ட மன்றத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். வீடு சில வாரங்களில் எழும்பிவிடும். அதற்குக் கொடுக்கும் பணமோ ஓர் ஆயுளின் உழைப்பு.