புல் மேடு இல்ல, அது ஒரு அணை

இன்னைக்கு ஒரு சின்ன அணையைப் பத்திப் பேசலாம்.

அணைன்னு சொன்னதும் மேட்டூர் மாதிரி பெரிய சுவர்தான் நம்ம மனசுல வரும். ஆனா அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்துல கிராமப்புறச் சாலையில போனா, நீளமா ஒரு புல் மேடும் அதுக்குப் பின்னாடி ஒரு குட்டையும் தெரியும். பக்கத்துல மாடு மேயும். யாராவது சொன்னாத்தான் அது அணைன்னு புரியும். அந்த நாட்டுல இந்த மாதிரி வெள்ளத் தடுப்பு மண் அணைகள் 11,000-க்கும் மேல இருக்கு.

ஏன் இவ்வளவு? 1934 ஏப்ரலில் வாஷிட்டா ஆற்றில் வந்த வெள்ளத்தில் ஹாமன் என்ற சின்ன ஊரில் 17 பேர் செத்துப் போனாங்க. 1944-ல் வெள்ளத் தடுப்புச் சட்டம் வந்தது. கீழே பெரிய ஆற்றில் ஒரே ஒரு பெரிய அணை கட்டுறதுக்குப் பதிலா, மேலே ஓடைகளிலேயே தண்ணியைப் பிடிச்சு நிறுத்தலாம்னு யோசிச்சாங்க. 1948-ல் ஒக்லஹோமாவில் கிளவுட் ஓடையில் முதல் அணை முடிஞ்சது. 1954-ல் வந்த இன்னொரு சட்டம் இந்தத் திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனது.

இது எப்படி வேலை செய்யுது? நம்ம ஊர் ஏரியைப் பார்த்தவங்களுக்கு ஈஸியா புரியும். கரை இருக்கு. மதகுக்குப் பதிலா, குட்டைக்குள்ள ஒரு கான்கிரீட் கோபுரம் நிக்கும். தண்ணி அதன் வாய் வரைக்கும் ஏறினதும் உள்ளே விழுந்து, கரைக்கு அடியில் போற குழாய் வழியா வெளியே போகும். ஷட்டர் கிடையாது, திறந்து மூட ஆளும் கிடையாது. குழாய் சின்னது, அதனால ஒரே ராத்திரியில வந்த வெள்ளம் பல நாள்ல மெதுவா வடியும். அதையும் மீறித் தண்ணி ஏறினா, கரையின் ஓரத்தில் புல் வளர்ந்த அகலமான கால்வாய் ஒண்ணு இருக்கும். அதுதான் இதுக்குக் கலங்கு.

ஒரே வித்தியாசம். ஏரி நிறைஞ்சா நமக்குச் சந்தோஷம். இந்த அணை பெரும்பாலும் காலியா இருக்கணும். காலியா இருந்தாத்தான் அடுத்த வெள்ளத்துக்கு இடம் இருக்கும்.

சரி, அணை பத்திரமா இருக்கான்னு எப்படிச் சொல்றது? இங்கேதான் நிறைய பேர் குழம்புறாங்க. ரெண்டு தனித்தனி மதிப்பீடு இருக்கு. முதலாவது, அணையோட நிலை: கரை, குழாய், கால்வாய் எல்லாம் நல்லா இருக்கா? ரெண்டாவது, ஆபத்து வகை: உடைஞ்சா என்ன ஆகும்? கீழே வயல் மட்டும் இருந்தா குறைந்த ஆபத்து. மனுஷ உயிர் போக வாய்ப்பு இருந்தா அதிக ஆபத்து. ஒரு அணை ரொம்ப நல்ல நிலையில் இருந்துகிட்டே ‘அதிக ஆபத்து’ வகையில் இருக்கலாம். ‘அதிக ஆபத்து’ன்னா நாளைக்கு உடையப் போகுதுன்னு அர்த்தம் இல்ல.

இப்போ சிக்கல் என்னன்னா, இந்த அணைகளில் பெரும்பாலானவை 50 வருஷ ஆயுளுக்குக் கட்டினவை. நிறைய அணைகள் வயலைக் காப்பாத்தக் கட்டினவை. அப்புறம் நகரம் வளர்ந்தது. வெள்ளம் வர்றது குறைஞ்சதால கீழே இருந்த நிலம் பாதுகாப்பான இடமா தெரிஞ்சது. வீடுகள் வந்தன, பள்ளிக்கூடம் வந்தது, சாலை வந்தது. அணை ஒரு அங்குலம்கூட நகரலை, ஆனா அதன் ஆபத்து வகை மாறிடுச்சு. வகை மாறினா விதியும் மாறும்: இன்னும் பெரிய மழையைத் தாங்குற அளவுக்கு வெள்ளப் போக்கி வேணும். அன்னைக்குப் போதுமா இருந்த கால்வாய் இன்னைக்குப் போதாது.

இது ஒரு பக்கம்னா, வயசாகிறது இன்னொரு பக்கம். வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறையும். கரைக்கு அடியில் இருக்கிற குழாய் துருப்பிடிக்கும், இணைப்பு விட்டுப்போகும். எலி மாதிரி பிராணிகள் கரையில வளை தோண்டும். நமக்கு ஆச்சரியமா இருக்கலாம், ஆனா இங்கே மரம் வளர விடக்கூடாது. மரம் பட்டுப்போனா வேர் அழுகி, தண்ணி போக வழி விட்டுடும். அதனாலதான் கரையில புல் மட்டும் வளர்த்து, அதையும் வெட்டி வைக்கிறாங்க. புல் குட்டையா இருந்தாத்தான் விரிசலும் ஈரமும் கண்ணுக்குத் தெரியும்.

பரிசோதனைக்குப் போற இன்ஜினியர் முதலில் தேடுறது கரையின் வெளிப்பக்கத்து ஈரத்தை. கொஞ்சம் கசிவு எல்லா மண் அணையிலும் இருக்கும். தெளிந்த தண்ணி வந்தா கவனிச்சுக்கிட்டே இருக்கலாம். கலங்கலா வந்தா, அது கரையின் உள்ளே இருக்கிற மண்ணையும் சேர்த்து எடுத்துட்டு வருதுன்னு அர்த்தம். 1976 ஜூன் 5-ம் தேதி ஐடஹோவின் டீட்டன் அணையில் காலையில் கலங்கல் கசிவைப் பார்த்தாங்க. மதியம் 12 மணிக்குள் அணை போயிடுச்சு. 11 பேர் இறந்தாங்க.

அது பெரிய அணை, சின்னது என்ன பண்ணும்னு கேக்கலாம். 1977 நவம்பர் 6, ஜார்ஜியாவின் டொக்கோவா ஊர். கெல்லி பார்ன்ஸ் அணை சுமார் 12 மீட்டர் உயரம்தான். வெள்ளத் தடுப்புக்குக் கட்டினது இல்ல, ஆனா மண் அணைதான். நடுராத்திரிக்கு மேல உடைஞ்சது. கீழே ஒரு கல்லூரி வளாகம். 39 பேர் வெள்ளத்தில் சிக்கி இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் அதிபர் ஜிம்மி கார்ட்டர், ஆபத்து அதிகமுள்ள அணைகளைப் பரிசோதிக்க உத்தரவு போட்டார்.

சரி பண்ண வழி இருக்கு. கரையை உயர்த்தலாம், கால்வாயை அகலப்படுத்தலாம், குழாயை மாத்தலாம், இல்லன்னா அணையையே எடுத்துடலாம். 2000-ல் வந்த சட்டப்படி, மத்திய அரசு செலவில் 65 சதவீதம் வரைக்கும் தரலாம். மீதியை உள்ளூர் அமைப்பு திரட்டணும். வெள்ளமே வராத வருஷங்கள்ல, ஒரு புல் மேட்டுக்கு எதுக்கு இவ்வளவு பணம்னு மக்கள் கேப்பாங்க. வெள்ளம் வராததுக்கே அந்த மேடுதான் காரணமா இருக்கலாம்ங்கிறது அப்போ யாருக்கும் தோணாது.

அதனால எந்த அணைக்குக் கீழே இருந்தாலும் மூணு கேள்வி கேளுங்க. கடைசியா எப்போ பரிசோதிச்சாங்க? உடைஞ்சா தண்ணி எந்த வழியா வரும்? அந்த ராத்திரியில நம்மளை யார் எழுப்புவாங்க? மூணுக்கும் பதில் இருக்கிற ஊர்ல நிம்மதியா தூங்கலாம்.