புகழும் மனச்சான்றும்
(பத்தாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



புகழ், தன்முயற்சி, சமய உரிமை ஆகியவை பற்றிய இக்காலப் பார்வை குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். மூன்றும் தனித்தனியே விரித்துரைக்கத் தக்கவை. எனினும், ஒரு மனிதரின் வாழ்வில் இம்மூன்றும் ஒருங்கே வந்து மோதிய வரலாறு ஒன்று உண்டு. அதனையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

அதற்குமுன் சொல்லைப் பற்றி ஒரு சொல். வள்ளுவப் பெருந்தகை ஈகை அதிகாரத்தை அடுத்துப் புகழ் அதிகாரத்தை வைத்து இல்லறவியலை நிறைவு செய்தார். கொடுத்தவரைப் பற்றி உலகம் பேசுவதே புகழ் என்பது அவ்வைப்புமுறையால் பெறப்படும். நாமோ இன்று 'பிரபலம்' என்கிறோம். மிகுந்த வலிமை என்னும் பொருளுடைய அவ்வடசொல், இப்போது ஆளையே குறிக்கும் பெயராகிப் 'பிரபலங்கள்' எனப் பன்மையும் பெற்றுவிட்டது. என்ன கொடுத்தார் என்னும் கேள்வி இச்சொல்லில் இல்லை. எத்தனை பேருக்குத் தெரிந்தவர் என்பதே இதன் அளவுகோல்.

1942-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூயிவில் நகரில் காசியஸ் கிளே என்னும் கறுப்பினக் குழந்தை பிறந்தது. பன்னிரண்டாம் வயதில் குத்துச்சண்டை பயிலத் தொடங்கி, பதினெட்டாம் வயதில் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றார் அவர். 1964 பிப்ரவரி 25 அன்று சானி லிஸ்டனை வீழ்த்தி உலக வாகையர் ஆனார். அதுவரை அவருடைய தன்முயற்சியை நாடே பாராட்டியது. மறுநாளே தாம் 'இஸ்லாமிய தேசம்' என்னும் அமைப்பைச் சார்ந்தவர் என அறிவித்தார். அடுத்த சில நாட்களில் முகம்மது அலி என்னும் பெயரையும் ஏற்றார். பாராட்டிய நாக்கு அன்றே திரும்பியது.

நாளேடுகள் பலவும் பல ஆண்டுகள் அவரைப் பழைய பெயராலேயே குறித்து வந்தன. எர்னி டெரல் என்னும் வீரரும் அப்படியே அழைத்தார். 1967 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகரில் இருவரும் மோதியபோது, ஒவ்வொரு குத்துக்கும் இடையே "என் பெயர் என்ன?" என்று அலி கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கேள்வியில் சினம் இருந்தது, கொடுமையும் இருந்தது. ஆயினும் கேள்வி நியாயமானது.

அவ்வாண்டு ஏப்ரல் 28 அன்று, வியத்நாம் போருக்கான படைச் சேர்க்கையைத் தம் சமய நம்பிக்கையைக் காட்டி மறுத்தார். வாகைப் பட்டம் பறிக்கப்பட்டது. போட்டியிடும் உரிமமும் போயிற்று. ஐந்தாண்டுச் சிறையும் பத்தாயிரம் டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டினால் சிறை செல்லவில்லை எனினும், உடல்வலிமை முற்றிய மூன்றரை ஆண்டுகள் களமின்றிக் கழிந்தன. 1971 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளின் ஒருமித்த முடிவால் தண்டனையை நீக்கியது.

பின்னர் நிகழ்ந்ததை அறிவோம். 1980-இல் அவர் சென்னைக்கு வந்தபோது நேரு விளையாட்டரங்கில் மக்கள் திரண்டனர். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் சுடரை நடுங்கும் கையால் அவர் ஏற்றியபோது உலகமே கசிந்தது. 2016-இல் மறைந்தபோது எல்லா நாட்டினரும் அஞ்சலி செலுத்தினர். அவர் முதலில் சேர்ந்த அமைப்பின் இனப்பிரிவினைக் கொள்கையை நான் ஏற்கவில்லை. 1975-இல் அவரும் அதனின்று விலகிப் பொது இஸ்லாத்தின் பக்கம் சென்றார். நாம் ஏற்கும் கருத்துக்கு மட்டுமே உரிமை வழங்குவோமாயின் அது உரிமை ஆகாது, சலுகையாகும்.

புகழ் பெற்றவருக்கே இத்துணை இடர் எனில், பெயர் தெரியாதவர் நிலை என்ன? நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 1985-இல் மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்னும் சமயப் பிரிவினர். நாட்டுப்பண் இசைக்கப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்றனர், பாடவில்லை. தம் சமயம் அதற்கு இசையவில்லை என்பதே அவர்கள் கூறிய காரணம். உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பாடியே தீரவேண்டும் என எச்சட்டமும் கூறவில்லை என்றும், எழுந்து நிற்பதே மரியாதை என்றும் தெளிவுறுத்தி அவர்களைப் பள்ளியில் சேர்க்க ஆணையிட்டது. அவர்கட்காகத் திரண்ட அரங்கம் எதுவும் இல்லை. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு காக்கும் மனச்சான்று உரிமை அங்கேதான் உரைத்துப் பார்க்கப்பட்டது.

அவையோரே, இதுவரை பிறரைக் குறைகூறினேன். என்னையும் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்குமுன் என் வகுப்பு மாணவி ஒருத்தி தானே கற்று, தானே தேர்ந்து, சமயம் மாறினாள். எதிலிருந்து எதற்கு என்பது இங்கு வேண்டா. எதுவாயினும் நான் சொல்ல வருவது மாறாது. புதுப்பெயரால் அழைக்குமாறு வேண்டினாள். "அரசிதழில் வரட்டும், பார்க்கலாம்" என்றேன். வருகைப் பதிவேட்டில் உள்ள பெயரையே நாள்தோறும் அழைத்தேன். அவள் விடை கூறவில்லை. மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தவளைக் கண்ணால் கண்டுகொண்டே, வராதவள் எனப் பதினொரு நாட்கள் குறித்தேன்.

பன்னிரண்டாம் நாள் வகுப்பு முடிந்ததும் வந்து, "அம்மா, நான் எல்லா நாளும் வந்திருந்தேன்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அவ்வாரமே வகுப்பில் திருநாளைப்போவார் வரலாற்றை நான் நடத்தியிருந்தேன். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்ற தம் வேட்கையையே பெயராகப் பெற்றவர் அவர். பிறப்பு தந்த பெயரினும் உள்ளம் தேடிய பெயர் உயர்ந்தது என்று உருக்கமாக விளக்கியவள் நான். எதிரில் இருந்தவளின் பெயரை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. பதினொரு நாட்களையும் திருத்திக் கையொப்பமிட்டேன். மறுநாள் அவள் வேண்டிய பெயரை அழைத்தேன். "உள்ளேன் அம்மா" என்று எழுந்து நின்றாள்.

மேடையில் நிற்பவரின் துணிவை, அது பழங்கதையான பின் போற்றுவது எளிது. நம் வீட்டிலும் தெருவிலும் வகுப்பிலும் ஒருவர் தம் உள்ளத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதே நம் காலத்தை அளக்கும் கோல். இலக்கியம் கற்ற நாம் அக்கோலுக்கு அஞ்சாது நிற்கவேண்டும்.