பேரும் நகலும் நம்ம கையில இருக்கோணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம குழுக்களோட பொருளை விக்கிறதுக்கு ஒரு வெப்சைட் தொடங்கலாம்னு தீர்மானம் போட்டிருக்கோம். நெகமம் சேலை, மஞ்சள் தூள், சிறுதானிய மாவு, பாக்குமட்டைத் தட்டு எல்லாம் அதுல வரப்போகுது. அதுக்கு 'ஹோஸ்டிங்' எங்கே வாங்கறது, யாரை நம்பறதுன்னு சொல்லச் சொன்னீங்க.

முதல்ல மூணு விஷயத்தைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கோணும். சந்தையில கடை போடறோம்னு வெச்சுக்குங்க. பரப்பி வெச்சிருக்கிற சரக்கு, அதாவது படமும் விலையும் விவரமும்தான் வெப்சைட். கடை போடற இடம் ஹோஸ்டிங். அதுக்கு வாடகை உண்டு. மேல மாட்டற பேர்ப்பலகை டொமைன். வெப்சைட் ஒண்ணும் ஆகாசத்துல தொங்கறதில்லைங்க. சென்னை அம்பத்தூர், சிறுசேரி மாதிரி இடங்கள்ல டேட்டா சென்டர்னு பெரிய கட்டடங்கள் இருக்குது. அந்த மாதிரி ஒரு கட்டடத்துல, ராப்பகலா ஓடற கம்ப்யூட்டர்லதான் நம்ம கடை இருக்கும்.

இடம் சரியில்லைன்னா வேற இடத்துக்கு மாத்திக்கலாம். பேரை விட்டுட்டா திரும்ப வாங்கறது கஷ்டம். அதனால பேரைப் பத்தி முதல்ல சொல்றேன்.

'டாட் இன்'னு முடியற பேருங்களை நம்ம நாட்டுல நிக்சிங்கிற அமைப்பு நிர்வாகம் பண்ணுது. 2005-ல இருந்து யார் வேணும்னாலும் இந்தப் பேரை வாங்கலாம். அங்கீகாரம் வாங்கின கம்பெனிங்க மூலமா பதிவு பண்ணோணும், காலம் முடியறதுக்குள்ள புதுப்பிக்கோணும். இங்கேதான் பல குழுக்கள் மாட்டிக்குது. வெப்சைட் பண்ணித் தர்ற தம்பி, அவசரத்துக்குத் தன் பேர்லயே, தன் இ-மெயில்லயே பதிவு பண்ணிடுவார். அவர் மேல தப்பு இல்லை, நாம கேக்கலை. அவருக்கு பெங்களூருல வேலை கிடைச்சுப் போயிட்டா, 'புதுப்பிக்கோணும்'ங்கிற தகவல் அவருக்குப் போகும், நமக்கு வராது. அவகாசமும் முடிஞ்சா அந்தப் பேரை வேற யாரோ வாங்கி, சூதாட்ட விளம்பரம்கூட போடலாம். நம்ம மசாலா பாக்கெட்ல அச்சடிச்ச முகவரியைத் தட்டறவங்க அங்கேதான் போய் நிப்பாங்க. நாம வருஷக்கணக்கா சம்பாதிச்ச பேருங்க அது.

அதனால டொமைன் கூட்டமைப்புப் பேர்ல இருக்கோணும். இ-மெயிலும் போன் நம்பரும் கூட்டமைப்போடதா இருக்கோணும். பில் கூட்டமைப்புப் பேருக்கு வரோணும். பாஸ்வேர்டு ரெண்டு பொறுப்பாளர்களுக்குத் தெரிஞ்சிருக்கோணும். நிர்வாகிங்க மாறும்போது பேங்க்ல கையெழுத்து மாத்தறோமில்லையா, அதே மாதிரி இதையும் மாத்தோணும்.

அடுத்தது இடம். மாடு வாங்கப் போனா பல்லைப் பாக்கறோம், கறந்து பாத்துட்டுத்தான் பணம் குடுக்கறோம். இதுக்கும் அப்படித்தானுங்க.

முதல் வருஷ விலையைப் பாத்து மயங்காதீங்க. ரெண்டாவது வருஷம் எவ்வளவுன்னு கேட்டு எழுதி வாங்குங்க. சலுகை விலை பெரும்பாலும் முதல் தவணைக்கு மட்டும்தான்.

'99.9 சதவீதம் ஓடும்'னு விளம்பரம் போடுவாங்க. 30 நாள் மாசத்துல சுமார் 43 நிமிஷம் நிக்கலாம்னு அர்த்தம். 99 சதவீதம்னா 7 மணி நேரத்துக்கு மேல நிக்கும். தீபாவளி ஆர்டர் வர்ற நேரத்துல அந்த 7 மணி நேரம் வந்தா என்ன ஆகும்னு யோசிங்க.

பணம் கட்டறதுக்கு முந்தியே, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவங்க உதவி நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்க. எடுக்கறாங்களா, தமிழ்லயோ நமக்குப் புரியற மாதிரியோ பேசறாங்களான்னு தெரிஞ்சு போகும்.

வெப்சைட்டோட பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தனியாக் காசு கேட்டா, ஏன்னு கேளுங்க. லெட்ஸ் என்கிரிப்ட்ங்கிற அமைப்பு 2015-ல இருந்து அதை இலவசமாவே தருது.

கடைசியா நகல், அதாவது பேக்கப். பிரான்ஸ் நாட்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துல ஓவிஎச்ங்கிற பெரிய கம்பெனியோட டேட்டா சென்டர் 2021 மார்ச் 10-ஆம் தேதி தீப்பிடிச்சு எரிஞ்சுது. லட்சக்கணக்கான வெப்சைட் நின்னு போச்சு. நகலையும் அங்கேயே வெச்சிருந்த சில பேருக்கு ரெண்டுமே போச்சு. பத்திரத்தோட நகலையும் அதே பீரோவுல வெச்ச மாதிரிதான். பெரிய கம்பெனிக்கே இந்த நிலைமைன்னா, நாம மாசத்துக்கு ஒரு தடவை வெப்சைட்டையும் ஆர்டர் விவரத்தையும் இறக்கி, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒண்ணு, வெளியே ஒரு ஹார்டு டிஸ்க்ல ஒண்ணு வெச்சுக்கறது நல்லது. வாங்கினவங்களோட முகவரியும் நம்பரும் அதுல இருக்கும், அதனால பூட்டி வெக்கோணும்.

'இலவசமாவே இடம் தர்றாங்களே'ன்னு கேப்பீங்க. யாஹூ கம்பெனி ஜியோசிட்டீஸ்னு இலவச இடம் குடுத்துட்டு இருந்துது. 2009 அக்டோபர்ல மூடிட்டாங்க. நகல் எடுத்து வெச்சவங்க தப்பிச்சாங்க. இலவசம் வேண்டாம்னு சொல்லலைங்க. அது எப்ப வேணும்னாலும் நின்னு போகும்னு தெரிஞ்சு பயன்படுத்தோணும்.

ஆக, தீர்மானப் புத்தகத்துல இன்னிக்கே மூணு வரி சேருங்க. டொமைன் கூட்டமைப்புப் பேர்ல இருக்கும். புதுப்பிக்கிற தேதியை ஒரு மாசம் முந்தியே கூட்டத்துல வாசிக்கோணும். மாசம் ஒரு தடவை நகல் எடுத்தவங்க தேதி போட்டுக் கையெழுத்துப் போடோணும். வாரச் சந்தாவையும் கடன் தவணையையும் இத்தனை வருஷமா ஒரு பைசா தவறாமக் கணக்கு வெச்ச நமக்கு இது பெரிய வேலை இல்லைங்க.